மாஸ்டர், உங்க பேப்பர் எங்கே?

உங்கள் ஊரில் யாரையெல்லாம் 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறீர்கள்? டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். கொஞ்ச வருஷமாக இந்த வரிசையில் ஜிம் மாஸ்டரும் சேர்ந்துகொண்டிருக்கிறார்.

மற்ற மாஸ்டர்களிடம் நாம் சர்டிபிகேட் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டீ கடுத்தால், மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவீர்கள். சட்டை அக்குளில் பிடித்தால் டெய்லர் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். தப்பு உடனே தெரிகிறது, நஷ்டமும் சின்னது. ஜிம் மாஸ்டரின் தப்பு அப்படி இல்லை. ஆறு மாசம் கழித்து முழங்காலில் தெரியும். ஒரு வருஷம் கழித்து முதுகில் டிஸ்க் பிதுங்கும்போது தெரியும். அப்போதும், 'நம்ம உடம்பு வாகு அப்படி' என்று நம்மையே நொந்துகொள்வோமே தவிர, மாஸ்டரைச் சந்தேகப்பட மாட்டோம். அவருக்குத்தான் அவ்வளவு பெரிய பைசெப்ஸ் இருக்கிறதே!

நான் படித்தது பி.காம். மூன்று வருஷம் அக்கவுண்டன்ஸி, ஆடிட்டிங் எல்லாம் படித்தும், ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் ஆடிட்டர் என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை கிடையாது. 1949-ம் வருஷத்துச் சட்டப்படி அது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டின் வேலை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க 1948-ம் வருஷத்து பார்மஸி சட்டப்படி பதிவு செய்த பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவருக்கு ஐந்து வருஷ ஓட்டும் அனுபவமும் மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்றும் வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலோ நெய்வேலி அனல் மின் நிலையத்திலோ பாய்லர் பக்கத்தில் நிற்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பாய்லர் இன்ஸ்பெக்டர் விடமாட்டார். அழுத்தம் ஏறினால் வெடிக்கும் என்பதால்.

ரத்த அழுத்தம் உள்ள ஐம்பது வயசு மனிதரை மல்லாக்கப் படுக்கவைத்து, மார்புக்கு மேல் அறுபது கிலோ இரும்பைத் தூக்கச் சொல்பவருக்கு என்ன தகுதி வேண்டும்? சட்டத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கே நீங்களும் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியைப் பிடித்து, நாலு மெஷினையும் பெரிய கண்ணாடியையும் போட்டு, டைட்டான பனியன் மாட்டிக்கொண்டு மாஸ்டர் ஆகிவிடலாம். உள்ளாட்சி லைசென்ஸ் கேட்கும். கரண்ட் ஆபீஸ் கமர்ஷியல் கனெக்‌ஷனா என்று பார்க்கும். வரவு கூடினால் ஜி.எஸ்.டி. வரும், அதுவும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. அரசாங்கத்துக்கு ஜிம் என்று ஒன்று இருப்பது நன்றாகவே தெரிகிறது. உள்ளே நின்று சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

'பேப்பரே இல்லை என்கிறீர்களா, சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்களே' என்பீர்கள். உண்மைதான். போன மாசம் ஒரு வேலையாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போனபோது சில ஜிம்களில் ஏறி இறங்கினேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு பையனின் பிழைப்பில் மண் போடுகிற உத்தேசம் இல்லை. சுவர்களை மட்டும் பொறுமையாகப் படித்தேன்.

சுவரில் இருப்பவை மூன்று ஜாதி. முதலாவது, ஷீல்டுகள். மாவட்ட ஆணழகன், இத்தனை கிலோ பிரிவு, இரண்டாம் பரிசு. எண்ணெய் பூசி மின்னுகிற போட்டோ பக்கத்திலேயே இருக்கும். இரண்டாவது, சனி ஞாயிறு கோர்ஸ். தங்க பார்டர், உலக உருண்டை படம், 'இன்டர்நேஷனல்' என்ற வார்த்தை எப்படியும் உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்தால் கொடுப்பார்கள். ஃபெயில் ஆனவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. மூன்றாவது, எப்போதாவது கண்ணில் படுவது, பி.பி.எட். மாதிரி ஒரு யூனிவர்சிட்டிப் பட்டம்.

முதல் ஜாதியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ஷீல்டு வாங்கியவர் தன் உடம்பை நன்றாக அறிந்தவர். அதற்குக் கடுமையான ஒழுக்கம் வேண்டும். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அவருக்கு வயசு இருபத்தஞ்சு, கல்லைத் தின்றாலும் செரிக்கும். மேடை ஏறுவதற்கு முந்தைய வாரம் உப்பையும் தண்ணீரையும் குறைத்து அவர் செய்கிற வித்தையை, சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ரிட்டயர்டு தாசில்தாரிடம் செய்து பார்க்க முடியாது.

இரண்டாவது ஜாதியில் என்ன குறை? தியரி இருக்கும். எலும்பு, தசை பெயரெல்லாம் இங்கிலீஷில் கடகடவென்று வரும். யாராவது ஒரு நிஜ மனிதரை எதிரில் நிறுத்தி, 'இவருக்கு இன்றைக்கு என்ன கொடுப்பாய், என்ன கொடுக்கமாட்டாய், ஏன்?' என்று கேட்டு மார்க் போட்டார்களா? அதுதான் இல்லை.

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது. உடற்கல்விப் படிப்பு என்றால் தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதல் என்பார்கள். 2005 முதல் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே உண்டு. ஆனால் பி.பி.எட். என்பது பள்ளிக்கூட டிரில் மாஸ்டரை உருவாக்க வந்த படிப்பு. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, கோகோ, கபடி, ஓட்டப் பந்தயம், நாற்பது பிள்ளைகளை ஒரே விசிலில் அடக்குவது. சுகர் மாத்திரை போடுகிற அம்மாள் ஒருத்தரைத் தனியாக நிறுத்தி வேலை வாங்குவது அதன் நோக்கமே இல்லை. அப்படியும், மூன்று ஜாதியில் இவர்களே தேவலாம். உடற்கூறும் உடலியங்கியலும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறார்கள். ஆனால் ஜிம் ஓனர் தேடுவது பட்டத்தை அல்ல, கண்ணாடியில் எடுப்பாகத் தெரிகிற உடம்பை.

பேப்பர் என்றதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 2014-15 வரைதான் அங்கீகாரம், அதற்குப் பிந்தைய தொலைதூரப் படிப்புகளுக்கு இல்லை என்று 2022 மார்ச்சில் யு.ஜி.சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. நேரடி வகுப்புகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பணம் கட்டிப் படித்தவர்கள் வயிற்றில் புளி கரைந்தது. 1929-லிருந்து இருக்கிற பல்கலைக்கழகத்தின் பேப்பருக்கே, 'பின்னால் நிற்பது யார்?' என்ற கேள்வி வருகிறது. சனி ஞாயிறு கோர்ஸின் பேப்பருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நாம் ஏன் கேட்பதில்லை?

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். ஏறிய ஜிம்களில் எல்லாம் நான் சேர வந்த ஆள் மாதிரியே நின்றேன். கடலூரில் ஒரு இடத்தில் முதல் கேள்வி, "வெயிட் லாஸா சார், வெயிட் கெய்னா?" இரண்டாவது, "மூணு மாசம் சேர்த்துக் கட்டினா ஒரு மாசம் ஃப்ரீ. இன்னிக்கே போட்டுடலாமா சார்?" மூன்றாவது கேள்வி இல்லை. இன்னொரு இடத்தில் தம்பி என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டே மாசம்ணா, சிக்ஸ் பேக்குக்கு நான் கேரன்டி" என்றார். என் பேன்க் மேனேஜர்கூட எதற்கும் இவ்வளவு தைரியமாக கேரன்டி கொடுத்ததில்லை.

ஒருவர்கூட, 'உங்களுக்கு ஏதாவது வியாதி உண்டா?' என்று கேட்கவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்வி ஒன்றும் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. 1970-களிலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதற்கு ஒரு படிவம் தயாரித்தார்கள். பிற்பாடு திருத்தி ஏழு கேள்விகள் ஆக்கினார்கள். இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னதுண்டா? வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்குமா? சும்மா இருக்கும்போது கடந்த ஒரு மாசத்தில் வலித்ததா? தலை சுற்றி விழுந்ததுண்டா? மூட்டு, எலும்பில் உடற்பயிற்சியால் மோசமாகக்கூடிய தொல்லை? பி.பி.க்கோ இதயத்துக்கோ மாத்திரை? வேறு ஏதாவது காரணம்? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் டம்பெல். ஒரு பக்கம் ஜெராக்ஸ். நிரப்ப இரண்டு நிமிஷம்.

நம்ம ஊரில் இந்த இரண்டு நிமிஷம் ரொம்பவே முக்கியம். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வருகிற புதுச்சேரியில் சர்க்கரை மட்டும் 26.3 சதவீதம். ஜனவரி முதல் தேதி புது ஷூ மாட்டிக்கொண்டு ஜிம்முக்கு வருகிற நாலு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. 'வாக்கிங் போங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று டாக்டரே அனுப்பியவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. டாக்டர் சரியாகத்தான் சொன்னார். அவர் சீட்டை வாங்கிப் படிக்க அங்கே ஆள் இல்லை.

தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும்? சிலது சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். அது லோ சுகர் என்று தெரியாத மாஸ்டர், "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், இன்னும் பத்து நிமிஷம்" என்பார். பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித் துடிப்பு எளிதில் ஏறாது. '220-லிருந்து உங்க வயசைக் கழிங்க' என்று சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட்டைப் பார்த்து, "உங்களுக்கு பல்ஸே ஏறலையே, ஸ்பீடைக் கூட்டுங்க" என்று டிரெட்மில்லை முறுக்கினால் அவர் கதி என்ன? மூச்சை அடக்கிக்கொண்டு பெரிய எடையைத் தூக்கினால் ரத்த அழுத்தம் அந்த சில நொடிகளுக்கு எங்கேயோ போய்விடும். இருபது வயசில் தாங்கும்.

இளைஞர்களுக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே, 'யார் ஆம்பளைனு பார்க்கலாம்' என்று முந்நூறு பஸ்கி போட வைக்கிற மாஸ்டர்கள் உண்டு. பழக்கமில்லாத தசையை அப்படிப் பிழிந்தால் தசைநார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும். அப்போது அடுத்த செட் போடக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடலூர் வெயிலில், காற்று நுழையாத மாடி ஜிம்மில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். காலையும் மாலையும் ஆண்களுக்குப் போய்விட்டு, நடுப்பகலில் மிஞ்சுகிற நேரம்தான் 'லேடீஸ் பேட்ச்'. சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் அதிர்ஷ்டம். சிசேரியன் ஆகி ஏழெட்டு மாசமான ஒரு பெண் தொப்பையைக் குறைக்க வருகிறாள். பிரசவத்தில் வயிற்றின் நடுத் தசை இரண்டாகப் பிரிந்து, சிலருக்கு உடனே ஒட்டாது. அந்த நிலையில் முதல் நாளே நூறு கிரஞ்சஸ் போடுவது சரியில்லை. மாஸ்டருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெட்கத்தில் கேட்கமாட்டார். அவளும் சொல்லமாட்டாள். போதாததற்கு, கிரஞ்சஸ் போட்டால் தொப்பைக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதே கட்டுக்கதை. உடம்பு எந்த இடத்துக் கொழுப்பை முதலில் எடுக்கும் என்பதை மாஸ்டர் தீர்மானிக்க முடியாது.

இதையெல்லாம் நான் அவர்களிடம் கேட்டபோது வந்த பதில் ஒன்றுதான்: "பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சார்."

இந்த எக்ஸ்பீரியன்ஸைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் ஒரு அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 115 பயிற்சியாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். சத்துணவு, நோய் உள்ளவர்களுக்கான பயிற்சி, பயிற்சித் திட்டம் என்று அடிப்படைக் கேள்விகள். அந்தத் துறையில் பட்டம் படித்தவர்களும், கடினமான பரீட்சை வைக்கிற இரண்டு அமைப்புகளின் சான்றிதழ் வைத்திருந்தவர்களும் நன்றாக எழுதினார்கள். எத்தனை வருஷ அனுபவம் என்பதற்கும் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை! அந்த இரண்டு அமைப்புகள் ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. என்று அழைக்கப்படுகின்றன. அங்கேயும் நூறு சில்லறை அமைப்புகள் சர்டிபிகேட் விற்கின்றன; பார்த்து வாங்காவிட்டால் அங்கேயும் ஏமாற்றம்தான். ஆனால் நல்ல அமைப்புகளின் பேப்பருக்கு ஆயுசு இரண்டு மூன்று வருஷம்தான். மறுபடி படித்துக் காட்ட வேண்டும். கையில் நடப்பிலுள்ள சி.பி.ஆர். முதலுதவிச் சான்று இல்லாவிட்டால் பேப்பர் கிடையாது.

சி.பி.ஆர். என்பது மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவது. இதயம் நின்றவருக்கு ஆம்புலன்ஸ் வருகிறவரை மூளைக்கு ரத்தம் போக இதுதான் வழி. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயசில் மாரடைப்பில் போனபோது நாடே ஜிம்மைத் திட்டியது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் சாவுக்கு உடற்பயிற்சிதான் காரணம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நம்ம மாவட்டத்திலேயே 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில் ரெய்டு போன இளம் கபடி வீரர் களத்திலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்து நீங்களும் பதறியிருப்பீர்கள். அங்கே இருந்த யாரையும் குறை சொல்ல வரவில்லை. தினம் நூறு பேர் மூச்சு வாங்குகிற ஓர் அறையில், ஒருவர் அப்படிச் சரிந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் ஒருத்தராவது இருக்க வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். நான் கேட்ட இடங்களில் வந்த பதில்: "தண்ணி தெளிப்போம் சார். 108-க்கு போன் பண்ணுவோம்."

பையன்களை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்தால் நான் காமர்ஸ் படித்ததற்கு அர்த்தமில்லை. கணக்கைப் பாருங்கள். ஜிம் ஓனருக்கு லாபம் தினமும் வருகிறவரால் இல்லை. வருஷச் சந்தா கட்டிவிட்டு பொங்கலோடு நின்றுவிடுகிறவரால்தான். அவர் கரண்ட் செலவு வைப்பதில்லை, மெஷினைத் தேய்ப்பதில்லை. எனவே ஓனரின் கவனமெல்லாம் ஆஃபர் போர்டில். மாஸ்டருக்குச் சம்பளம் சொற்பம். கூட வேண்டுமென்றால் 'பர்சனல் டிரெய்னிங்' பிடிக்க வேண்டும். அதிலும் ஓனருக்குப் பங்கு. மிச்சத்துக்குப் புரோட்டீன் டப்பா. ஒரு டப்பா விற்றால் கிடைக்கிற கமிஷன், ஒருவருக்கு ஒரு மாசம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால் கிடைப்பதைவிடக் கணிசம். அப்புறம் அவர் எதை நன்றாகக் கற்றுக்கொள்வார், சொல்லுங்கள்? உடற்கூறையா, டப்பா விற்பதையா?

டப்பாவோடு நின்றால் பரவாயில்லை. 'சீக்கிரம் ஏறணும்' என்று அவசரப்படுகிற பையனுக்கு ஊசி வரை போகிறது சில இடங்களில். அனபாலிக் ஸ்டெராய்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து. ஈரல், இதயம், ஆண்மை என்று வரிசையாகக் கை வைக்கும். இதை ஜிம்மில் கைமாற்றுவது விசாரிக்க வேண்டிய குற்றம்.

மாஸ்டர்களின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நான் பேசியவர்களில் பாதிப் பேர் கைக்காசு போட்டுத்தான் அந்த சனி ஞாயிறு கோர்ஸுக்குப் போயிருக்கிறார்கள், சிலர் வட்டிக்கு வாங்கி. கற்றுக்கொள்ளும் ஆசை இருக்கிறது. நல்ல கோர்ஸ் எது, டுபாக்கூர் எது என்று சொல்ல ஆள் இல்லை.

'லைசென்ஸ் கொண்டுவா' என்று நான் கத்தப் போவதில்லை. நம்ம ஊரில் லைசென்ஸ் என்றால் இன்னொரு மேஜை, இன்னொரு கவர். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரம் 2014-ல் பயிற்சியாளர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பிக் கைவிட்டது. ஆனால் லைசென்ஸுக்கும் ஒன்றுமே இல்லாமைக்கும் நடுவில் இடம் இருக்கிறது. யோகாவைப் பாருங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் என்று ஒன்று பரீட்சை நடத்துகிறது. எழுதுவதைவிடச் செய்து காட்டுவதற்குத்தான் அங்கே அதிக மார்க். ஜிம்முக்கும் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டில் 'ஃபிட்னஸ் டிரெய்னர்' என்று தேசியத் தகுதி வரிசையில் நான்காம் நிலைச் சான்றிதழ் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கட்டாயம் இல்லாததால் யாரும் தேடிப் போவதில்லை. வாடிக்கையாளர் கேட்காததால் ஓனரும் கேட்பதில்லை.

சிதம்பரத்தில் நின்று யோசித்தால் கோபம்தான் வருகிறது. நடராஜர் கோயில் கோபுர வாசலில் நூற்றெட்டுக் கரணங்களையும் கல்லில் செதுக்கி, அந்தந்தக் கரணத்துக்கான நாட்டிய சாஸ்திர சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் பக்கத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். கால் எங்கே, கை எங்கே, இடுப்பு எப்படி என்று இலக்கணத்தோடு. கீழவீதியிலிருந்து ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டினால் அண்ணாமலை நகர். ஒரே வளாகத்துச் சுற்றில் உடற்கல்வித் துறை இருக்கிறது. 2021-ல் அரசு கையில் எடுத்துக்கொண்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிசியோதெரபி படிப்பு இருக்கிறது. ஒருவருக்கொருவர் நடந்தே போய்வரலாம். இந்தியாவில் எத்தனை ஊருக்கு இந்த வசதி வாய்க்கும்? மூன்று பேரும் சேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு மாலை நேர கோர்ஸ் நடத்த என்ன தடை? கடைசியில் ஒரு நிஜ மனிதர், கையில் நிஜமான மருந்துச் சீட்டு, எதிரில் பரீட்சை எழுதுகிறவர். அவர் என்ன கேட்கிறார், எதைக் கொடுக்கிறார், எதை வேண்டாமென்கிறார் என்று பார்த்து மார்க். தரையில் ஒரு பொம்மை, சி.பி.ஆர். செய்து காட்டு. தெரியாதவரை ஃபெயில் போடுங்கள், ஆறு மாசம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் நீங்கள் என்ன செய்வது? ஜிம்மில் சேருங்கள், சேராமல் சோபாவில் உட்கார்ந்திருப்பதில் ஆபத்து இதைவிட அதிகம். ஆனால் சுவரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். உங்கள் மாத்திரை அட்டையை மாஸ்டர் கையில் கொடுங்கள். வாங்கிப் பார்க்கிறாரா, 'அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்' என்று திருப்பித் தருகிறாரா என்று கவனியுங்கள். 'எனக்கு எது வேண்டாம்?' என்று கேளுங்கள். எல்லாம் செய்யலாம் என்றால் படியிறங்கி வந்துவிடுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அந்த ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன ஜிம். சுவரில் ஷீல்டு இல்லை, அனுமார் படம்தான். மாஸ்டருக்கு நாற்பது இருக்கும். பழைய கபடி ஆட்டக்காரர், முழங்கால் ஆபரேஷன் ஆனவர். "உட்காருங்க சார்" என்றார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, மாத்திரை பேர் என்ன, கடைசியா எப்போ டாக்டரைப் பார்த்தீங்க, படியேறினா நெஞ்சு அடைக்குதா, அப்பாவுக்கு ஹார்ட் இருந்துச்சா என்று வரிசையாகக் கேட்டு ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். பிறகு, "பணம் இப்ப வேணாம். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. முதல் மாசம் வெயிட்டே கிடையாது, சொல்லிட்டேன்" என்றார்.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்றேன். கால் ஆபரேஷனுக்குப் பிறகு தனக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பின்னாலேயே நின்று, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். சர்டிபிகேட் ஏதாவது?

"பேப்பர்னு ஒண்ணும் இல்லீங்க சார். பத்தாவது வரைதான். யூனிவர்சிட்டியில அந்த மாதிரி கோர்ஸ் ஏதாச்சும் வந்தா சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆளுங்க வந்துடுவாங்க... மத்தியானம் வச்சாங்கன்னா நான் வரேன்."